தேதி உள்ள முடிவுகளை மட்டும் இப்போது எடுங்கள்

உங்கள் கேள்வியை நான்கைந்து தடவை படித்தேன். கணவர் 43 வயதில் மாரடைப்பில் போய் எட்டு மாதம். உங்களுக்கு 38. மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது. கோவையில் அவர் பெயரில் பாதிக் கடனோடு ஒரு வீடு, கூடவே மாமியார். வீட்டை விற்றுவிட்டுக் கரூருக்கே வந்துவிடு என்கிறார் அண்ணன். பி.எட். முடித்து வேலைக்குப் போ என்கிறார் தோழி. ஐம்பது வயதில் ஊருக்குப் போய் நாற்றுப்பண்ணை வைப்பதாக நீங்கள் இருவரும் போட்ட திட்டம் அப்படியே நிற்கிறது. "எல்லாரும் அடுத்து என்ன என்று கேட்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எட்டு மாதமாகியும் திசை தெரியாமல் நிற்பது என் குறையா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

குறை இல்லை. அதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் திருப்பூர். 2009இல் என் கணவர் சாலை விபத்தில் இறந்தபோது எனக்கு 34 வயது. இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக, கணவரை இழந்த பெண்களுக்குத் துணையாக வங்கி, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அலுவலகம், தாலுகா அலுவலகம் என்று போய் வருகிறேன். அப்படிப் போய் வந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. என் பெயரில் அவர் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். காரியம் முடிந்த கையோடு "இடம் சும்மாதானே கிடக்கிறது" என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் மாதம் அதை விற்று, ஓர் உறவினரின் தொழிலில் பணத்தைப் போட்டேன். இரண்டு வருடத்தில் தொழில் படுத்துவிட்டது, பணமும் போனது. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஏதாவது ஒரு முடிவை எடுத்துவிட்டால் நெஞ்சுக்குள் இருந்த படபடப்பு அடங்கிவிடும் என்று நான் நினைத்ததுதான் தவறு. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலை படபடப்பு அதே இடத்தில் இருந்தது, மனை மட்டும் இல்லை.

அந்த நாட்களில் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிடுவேன். துக்கத்தில் கவனமும் ஞாபகமும் குறைவது பரவலாக நடப்பதுதான், உங்களுக்கும் நடந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் இருக்கிற ஆளிடம்தான் வீட்டை விற்கிறாயா, ஊரை மாற்றுகிறாயா என்று கேட்கிறார்கள்.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் முதலில் ஒரு நோட்டு வாங்கச் சொல்வேன். இடது பக்கம் கடைசித் தேதி உள்ள வேலைகள். வலது பக்கம் தேதியே இல்லாத முடிவுகள். இடது பக்கத்தை இந்த மாதமே தொடங்குங்கள். வலது பக்கத்தில் எழுதியதை ஒரு வருடத்துக்குத் தொடாதீர்கள்.

இடது பக்கத்தில் உங்களுக்கு என்னென்ன வரும் என்று நான் ஊகிக்கிறேன். கணவர் தனியார் கம்பெனியில் இருந்தார் என்கிறீர்கள். பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, மாத ஓய்வூதியத்துக்கு 10டி, அதோடு சேர்ந்த காப்பீட்டுக்கு 5ஐஎஃப், இந்த மூன்றும் தனித்தனிப் பலன்கள். பலர் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் அந்தக் காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். ஓய்வூதியம் உங்களுக்கு வருவது போக, இரண்டு பிள்ளைகளுக்கும் 25 வயது வரை தனியாக வரும். அப்புறம் அவருடைய வங்கிப் பாஸ்புக்கை எடுத்து, மே மாத வாக்கில் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம் ரூபாய். தாமதமானாலும் உடனே வங்கியில் போய்க் கேளுங்கள். வீட்டுக் கடன் ஆவணங்களையும் ஒரு தடவை முழுசாகப் புரட்டுங்கள். கடன் கொடுக்கும்போதே, கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் ஒரு காப்பீட்டையும் சேர்த்துத் தந்திருக்கலாம், அது வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருக்கும். ஒரு பெண் பதினான்கு மாதம் தவணை கட்டிய பிறகுதான் அந்தக் காகிதத்தைக் கண்டுபிடித்தோம். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

இவ்வளவையும் சொல்வது பணத்துக்காக மட்டும் இல்லை. கையில் எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு வரும் என்று தெரியாமல் "என் வாழ்க்கையின் திசை என்ன" என்று யோசித்தால் பயம்தான் பதில் சொல்லும். உங்கள் கேள்வியிலும் பாதி பயம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பாதியைக் காகிதத்தால் குறைக்க முடியும்.

இனி வலது பக்கம். வீட்டை விற்பது அங்கேதான் வருகிறது. அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் சட்டமே அவ்வளவு சுலபமாக விடாது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியம், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சமமாகப் போகும். உங்கள் வீட்டில் நீங்கள், மகள், மகன், மாமியார் என்று நான்கு பங்கு. பிள்ளைகள் இருவரும் மைனர் என்பதால் அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். யாராவது "நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும், பார்த்துக்கொள்ளலாம்" என்றால் ஒதுங்கிவிடுங்கள். இந்தச் சட்டத்தைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் சார்பில் அவசரத்துக்கு 'பொறு' என்று சொல்ல ஒன்று இருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

மாமியாருக்கும் ஒரு பங்கு என்றதும் சில வீடுகளில் கசப்பு வந்துவிடும். அவர் மகனை இழந்தவர். எட்டு மாதமாக உங்கள் சமையலறையில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர். உங்கள் கேள்வியில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "அத்தை எதுவும் பேசுவதில்லை." அண்ணனிடம் பேசுவதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள்.

பெரியவர்கள் சீக்கிரம் முடிவு சொல் என்று நெருக்கும்போது என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நம் வழக்கத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது, நல்ல காரியம் தொடங்குவதில்லை. இந்த வழக்கத்தில் பெண்ணை நோகடிக்கும் பகுதியும் இருக்கிறது. பொட்டும் பூவும் உங்கள் விருப்பம், அதில் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லும் பகுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "தலை திவசம் முடியட்டும் அண்ணா, அப்புறம் உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மறுபேச்சுப் பேசும் ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து, நீங்கள் எழுதிய ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. ஒரு நாள் காலையில் பி.எட். கல்லூரிகளைத் தேடிப் பட்டியல் போட்டீர்கள், மனசு லேசாக இருந்தது. அன்று மாலை அவருடைய செருப்பைப் பார்த்துவிட்டு மறுபடி விழுந்துவிட்டீர்கள். "நான் முன்னேறவே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

துக்கம் என்றால் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படி உண்டு, ஒவ்வொன்றாக ஏறி முடித்துவிட வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு நிறையப் பேர் தங்களுக்கே மார்க் போட்டுக்கொள்கிறார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. ஒருவரை இழந்து நிற்பவர்களின் துக்கத்துக்கு அதைப் பொருத்தியது அப்புறம் நடந்தது. எனக்கு உண்மையில் உதவியது நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சொன்ன கருத்து. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் ஊசலாடுவார் என்கிறார்கள். ஒரு பக்கம் போனவரை நினைத்து அழுவது, ஏங்குவது. இன்னொரு பக்கம் கரண்ட் பில் கட்டுவது, புது வேலை கற்பது, வாழ்க்கையைத் திரும்ப ஒழுங்குபடுத்துவது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வருவதுதான் இயல்பான தேறுதல். ஒரே பக்கம் சிக்கிக்கொண்டால்தான் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால், காலையில் கல்லூரிப் பட்டியலும் மாலையில் செருப்பும் என்று போன உங்கள் நாள் சரியாகவே போயிருக்கிறது.

எங்கள் வீட்டில் தினமும் ஆவின் பச்சை பாக்கெட் இரண்டு வாங்குவோம். அவர் ஒரு நாளைக்கு நான்கு காபி குடிப்பார். அவர் போன பிறகும் ஆறு மாதம் இரண்டு பாக்கெட்டே வாங்கிக்கொண்டிருந்தேன். ஒன்று மிஞ்சும். உறை ஊற்றுவேன், தயிரும் மிஞ்சும், புளித்துப்போனதைக் கொட்டுவேன். மறதியால் நடந்தது இல்லை, தெரிந்தேதான் செய்தேன். ஏழாவது மாதம் ஒரு நாள் பூத்தில் "ஒண்ணு போதுங்க" என்று வாய் தானாகச் சொன்னது. பூத்காரர் ஒன்றும் கேட்காமல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, மீதிச் சில்லறையைக் கையில் கொடுத்தார். அந்தச் சில்லறையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றேன். மனையை விற்றதைவிடப் பெரிய முடிவு அது. அதை யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை, அதற்குத் தேதியும் இல்லை. அது வந்தபோது வந்தது. உங்கள் வலது பக்க முடிவுகளில் சிலவும் இப்படித்தான் வரும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. திரும்பி வர வழி இருக்கும் அடிகளாகப் பார்த்து எடுத்து வையுங்கள். கரூர் யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை முழுவதும் பிள்ளைகளோடும் அத்தையோடும் அங்கே போய் இருந்து பாருங்கள். விருந்தாளியாக நான்கு நாள் வேண்டாம், ஒரு மாதத்துக்கு மேல். அண்ணி முகம், பிள்ளைகள் முகம், உங்கள் தூக்கம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். மகள் அடுத்த வருடம் பத்தாவது. பொதுத்தேர்வு முடியும்வரை டி.சி. வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பத்தை அந்தத் தேர்வு அட்டவணையே தீர்த்துவிடும். அதற்கப்புறம் போவதாக இருந்தாலும் வீட்டை விற்காமல் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடலாம். ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வர ஒரு வீடு இருக்கும்.

பி.எட். என்பது இரண்டு வருடம், பணமும் ஆகும். நீங்கள் பி.எஸ்சி. கணிதம். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நான்கு பேரை வைத்து மூன்று மாதம் எட்டாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் வருவதை எதிர்பார்க்கிறீர்களா, வராவிட்டால் பரவாயில்லை என்று இருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியும். அதைத் தெரிந்துகொண்டு பி.எட். விண்ணப்பம் போடலாம்.

நாற்றுப்பண்ணை பற்றி எழுதத் தயங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஆனாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நாங்களும் அந்த மனையில் ஒரு வீடு கட்டிக் குடிபோவதாக இருந்தோம். அவர் போய் நான்கு வருடம் கழித்துத்தான் ஒன்றை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது: எனக்கு அங்கே போய் இருக்க ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. அவர் ஆசைப்பட்டார், அவர் ஆசைப்படுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொன்ன அன்று அவருக்குத் துரோகம் செய்ததுபோல் இருந்தது, ராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் அதற்கப்புறம்தான் மனை போனதைப் பற்றிய வலியும் குறைந்தது. இருவராகச் சேர்ந்து போட்ட திட்டத்தில் அவருடையது எது, உங்களுடையது எது, இருவர் இருந்தால் மட்டுமே இருக்கக்கூடியது எது என்று பிரிந்து தெரிய ரொம்ப நாள் ஆகும். செடி வளர்ப்பதில் உங்களுக்கே ஆசை இருக்கிறதா என்று இப்போது பதில் சொல்ல வேண்டாம். பத்துத் தொட்டி வையுங்கள், போதும். தண்ணீர் ஊற்றும்போது அழுகை வந்தாலும் வரட்டும்.

என்னுடைய வழி எப்படி வந்தது என்றால், அதை நான் தேடவே இல்லை. எனக்குப் பிடிக்காத பி.எஃப். அலுவலக வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு பெண் படிவம் 10டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைக்குழந்தை வேறு. நான் ஏற்கெனவே மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்டு எங்கெங்கே தப்பு வரும் என்று தெரிந்து வைத்திருந்தேன். அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். அவள் இன்னொருத்தியை அனுப்பினாள். காகிதங்களில் எனக்குக் கை ஓடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருளைக் கற்றுக்கொண்டேன், ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அன்று யாராவது "ஐந்து வருடத்தில் என்ன செய்வாய்" என்று கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது. அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது.

மகன் இரவில் "நீயும் செத்துப் போயிடுவியாம்மா?" என்று கேட்கிறான், அதற்கு "ச்சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று அதட்டிவிட்டு நீங்கள் அழுதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு உண்மையைச் சொல்லுங்கள். 'மாட்டவே மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள், அப்பாவும் அப்படித்தான் இருந்தார் என்று அவனுக்குத் தெரியும். "அம்மா நல்லா இருக்கேன். டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன். ரொம்ப வருஷம் இருக்கணும்னுதான் எல்லாம் செய்றேன். அப்படி ஏதாவது ஆனா உன்னையும் அக்காவையும் யார் பார்த்துக்கணும்னு எழுதி வச்சிருக்கேன்" என்று சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடைசி வரிதான் தூக்கத்தைக் கொடுக்கும்.

சொன்னபடி எழுதியும் வையுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டால் அது உயில். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. மைனர் பிள்ளைகளுக்குக் காப்பாளர் யார் என்பதையும் அதிலேயே குறிப்பிடலாம். அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உங்கள் வங்கிக் கணக்குகளில் நாமினி இன்னும் உங்கள் கணவர் பெயரில்தான் இருக்கும், அதை மாற்றுங்கள். நாளை என்ன நடக்கும் என்று தெரியாது என்பதோடு நான் சமாதானமானது இப்படித்தான். தியானமும் தத்துவமும் எனக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்த பிறகுதான், இருமல் வந்தாலும் பயப்படாமல் இருக்க முடிந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏக்கம் எந்த நாளும் குறையாமல், குளிக்க, சமைக்க, பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் மாதக்கணக்கில் போனால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. நீடித்த துக்கம் என்று உலக சுகாதார நிறுவனமே அதைத் தனி நோயாக வகைப்படுத்தியிருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நீங்கள் அங்கே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நான் மருத்துவர் இல்லை. அவரோடு போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416 அரசின் டெலி மானஸ் எண். இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள்.

அப்புறம் அவருடைய போன். "ரீசார்ஜ் எதற்கு வீணாக, நம்பரை நிறுத்திவிடட்டுமா" என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தாதீர்கள். வங்கி, கேஸ், கரண்ட் பில் எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வரும், எல்லாம் உங்கள் பெயருக்கு மாறி முடிய இன்னும் பல மாதம் ஆகும். குறைந்த பிளானில் ஓட விடுங்கள். நான் இரண்டு வருடம் வைத்திருந்தேன். வங்கிக்குப் போகும் நாளில் மறக்காமல் ராத்திரியே சார்ஜ் போட்டு வைத்துவிடுங்கள்.